லிண்டல் மட்டத்தில் நேசையன்

உங்கள் ஊரில் கூரையில்லாமல் நிற்கும் வீடுகளை என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? நேசையன் கொத்தனார் எண்ணுகிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், வெள்ளை வேட்டியோடு பெருங்கடவிளையின் கிளை ரோடுகளில் இறங்கி நடக்கிறார். வேலை நின்றுபோன வீட்டைக் கண்டால் ஈர்க்கிலில் ஒரு துண்டு ஒடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். போன ஞாயிறு, 1996 பிப்ரவரியில், முப்பத்தெட்டுத் துண்டு சேர்ந்தது.

ஐம்பத்துமூன்று வயது. வலது பெருவிரல் நகத்தைச் சிமெண்டு பாதி தின்றுவிட்டது. லாரியில் வரும் மணலை ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்க விடுவார். "உப்புண்டு. கடப்புறத்து மணலாக்கும். திருப்பிக் கொண்டு போடே" என்று அனுப்பிய லோடுகள் பல. தான் கட்டிய சுவரைக் கடக்கும்போது, மாட்டைத் தட்டுவதுபோல் ஒரு தட்டுத் தட்டாமல் போகமாட்டார்.

இரண்டு வருடமாக அரிசி முதல் கம்பி வரை எல்லாமே விலையேறின. விலையை அடக்க ரிசர்வ் வங்கி பணத்தை இறுக்கியது. வங்கிகள் கடனைக் குறைத்து வட்டியை ஏற்றின. வட்டி ஏறினால் வீடு கட்டுகிறவன் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறான். அவன் வாங்காத செங்கல் சூளையில் அடுக்கியபடி கிடக்கிறது. சூளைக்காரன் வாங்கவிருந்த தையல் மெஷின் கடையிலேயே இருக்கிறது. வாங்குகிறவன் குறைந்தால் விலை அடங்கும். அடங்கியதென்று செய்தித்தாள்கள் பாராட்டின. யாருடைய கூலியை வெட்டி அடக்கினார்கள் என்று நான் பார்த்த எந்தத் தாளும் எழுதவில்லை.

முப்பத்தெட்டு வீடும் லிண்டல் மட்டத்தில், கதவு சன்னல்களின் தலைக்குமேல் வந்ததும் நின்றிருக்கின்றன. கையிலிருந்த கடன் அங்கே தீர்ந்துபோகிறது. கூரைக்கு மேற்கொண்டு கேட்டால் வட்டி பதினேழு சதவீதம். அந்தக் கடனும் இப்போது இல்லை.

இந்த எளிய காரணத்துக்கு எங்கள் பக்கத்தில் மரியாதை கிடையாது. நேசையனின் சபையில் விசேஷ ஜெபம் நடத்தினார்கள், வட்டி இறங்கவில்லை. அதியன்னூர் பள்ளிக்கூட ஆசிரியை விலாசினி, பாதியில் நின்ற தன் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு வாஸ்துக்காரரை வரவழைத்தார். அவர் கயிறு பிடித்து அளந்தார். அடுக்களை நாலு விரற்கடை தள்ளிப்போனதால்தான் வீட்டு வேலை நின்றது என்று கண்டுபிடித்தார்.

அந்த அடுக்களையைக் கட்டியவர் நேசையன். திங்கட்கிழமை காலை டீச்சர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். வேலையில்லாமல் அவருக்கு அது இருபத்தாறாவது நாள். மகள் ஜிஜாவின் தட்டச்சு வகுப்புக்கு இரண்டு மாத ஃபீஸ் பாக்கி. அந்த வாரம் கட்டாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள்.

"கொத்தனாரே, இந்தச் சொவர இடிச்சு மாத்திக் கெட்டணும். ஏழு நாள் கூலி தாறேன். இன்னைக்கே அட்வான்ஸ்."

ஏழு நாள் கூலியில் ஃபீஸும் அரிசியும் அடங்கிவிடும்.

"டீச்சரே, பாங்கிலேருந்து லெட்டர் வந்துதா?"

"வந்துது. பைசா இப்பம் இல்லண்ணு."

"எனக்க அடுக்களையப் பாத்திட்டா அவன் லெட்டர் எழுதினான்?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "கேலி பண்ணண்டாம் கேட்டேரா. நேசையன் கை வச்ச வீடு நின்னு போவும்ணு ஆளுவ சொல்லுகினும்."

அது அவரைச் சுட்டுவிட்டது. "முப்பத்தெட்டு வீடு எண்ணியாச்சு டீச்சரே. கெழக்க பாத்ததும் நிக்குது, மேக்க பாத்ததும் நிக்குது. அதுல நான் கெட்டினது வெறும் ரெண்டாக்கும். பாக்கி உள்ளவனுக்கெல்லாம் எந்தச் சொவரு தெற்றிப்போச்சு? இடிக்கிய பைசாவுக்குக் கம்பி வாங்கிப் போடுங்க. வட்டி எறங்கினா கூரைக்கு ஆவும்."

"அப்பம் இடிக்கமாட்டேரு? நான் பொன்னையன் கொத்தனாரக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவனும் பட்டினியாக்கும். இடிப்பான்."

பிறகு பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். இரண்டு செங்கல்மேல் ஏறி நூலைச் சுவரின் உச்சியில் வைத்தார். குண்டு ஆடி, நின்றது. நூலுக்கும் சுவருக்கும் நடுவே மேலும் கீழும் ஒரே இடைவெளி. நூலின் நுனியை டீச்சரின் கையில் கொடுத்து, "பிடிச்சுப் பாருங்க" என்று சொல்லி, சுவரைத் திரும்பிப் பாராமல் படியிறங்கினார். டீச்சர் நூலைப் பிடித்தபடி நின்றார். அட்வான்ஸ் நோட்டுகள் அவருடைய மறு கையிலேயே இருந்தன.

சுவரை யாரும் இடிக்கவில்லை, கூரையும் ஏறவில்லை. ஜிஜாவின் பேரை வெள்ளிக்கிழமை வெட்டிவிட்டார்கள். நேசையனுக்கு இன்று முப்பத்தோராவது நாள். இதை வாசிக்கிறவர்களில் யாராவது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஒரு சுவர் கட்ட நினைத்திருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம். நாளைக் காலையே கூப்பிடுங்கள்.