மன்னிக்கவோ பொறுத்துக்கொள்ளவோ இல்லை

அக்கா விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட்ட காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அரூரில் நான் தட்டச்சு வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்தில், என் மேசைக்கு எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வேண்டும். ஒரு பக்கத்தையாவது படித்துப் பார்த்தாளா என்றால், அதுதான் இல்லை. "நீ அடிச்சதுதான பாப்பா, தப்பாவா இருக்கப்போவுது" என்று சொல்லிவிட்டு, அங்கன்வாடி வருகைப் பதிவேட்டில் போடுகிற அதே கோழிக் கிறுக்கலை ஏழு தடவை போட்டாள். நானும் படித்துக் காட்டவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் அதற்கு முன் எத்தனையோ மனு அடித்திருக்கிறேன். பழைய மனு ஒன்றைத் திறந்து பெயரை மாற்றுவோம், ஊரை மாற்றுவோம், கல்யாணம் நடந்த மண்டபத்தை மாற்றுவோம், யார் யாரை எதனால் அடித்தார்கள் என்பதை மாற்றுவோம். மாற்றாமல் விடுகிற ஒரு பத்தி உண்டு. "எதிர்மனுதாரர் இழைத்த கொடுமைகளை மனுதாரர் எவ்விதத்திலும் மன்னிக்கவோ பொறுத்துக்கொள்ளவோ இல்லை." கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் எல்லா மனுவிலும் அது இருக்கும். அக்காவின் மனுவிலும் அது அப்படியே போனது.

அந்த எதிர்மனுதாரரை ஒரு காலத்தில் நான் வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டவள்தான். மொரப்பூர் பக்கம் கிராமம், நல்ல தண்ணீர் வசதியுள்ள விவசாயக் காடு, ஒரே பையன். இதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஒன்பது வருடம் அக்கா அங்கே இருந்தாள். சோற்றில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும், உப்பு சரியாக இருந்தால் பால்காரனிடம் ஏன் சிரித்தாய் என்ற கேள்வி பறக்கும். கடைசியில் மணிக்கட்டு உடைந்தபோது, அவளைக் காப்பாற்றியது எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் இல்லை. அவளுடைய மாமியார்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடத்திக் கூட்டிவந்து, பஸ் ஏற்றிவிட்டு, "இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத தாயி" என்று சொல்லி அனுப்பினார்.

வந்த பிறகும் அந்த மனிதர் விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா வேலை பார்க்கும் அங்கன்வாடி வாசலில் வந்து நிற்பார். குழந்தைகளை விடவரும் அம்மாக்களிடம் 'என் பொண்டாட்டியை வெளியே வரச் சொல்லுங்க' என்பார். போலீசில் போய்ச் சொன்னால், புருஷன் பொண்டாட்டி விஷயத்தில் நாங்கள் என்ன செய்ய முடியும், கோர்ட்டில் உத்தரவு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அக்காவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், அந்த ஆள் அவளுக்குப் புருஷன் இல்லை என்று சொல்லும் ஒரு காகிதம். அதை வாங்குவதற்குள் பெரியப்பா முதல் தூரத்துப் பங்காளி வரை ஆளாளுக்கு வந்து, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துவிடலாமே, கோர்ட் எதற்கு என்று கேட்டார்கள். அவளுடைய கை உடைந்தபோது இந்தப் பெரியவர்கள் எந்த ஊருக்குப் போயிருந்தார்கள் என்று கேட்டேன். பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று பதில் வந்தது.

வாய்தா மேல் வாய்தா. ஒரு வழியாக அக்கா கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டிய நேரம் நெருங்கியபோதுதான் அவளுடைய மாமியார் இறந்துபோனார். செய்தி வந்த அரை மணி நேரத்தில் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். போ, மாலை போடு, எடுத்தவுடனே கிளம்பி வந்துவிடு, ஒரு நாள்கூடத் தங்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள். எங்கள் பக்கத்தில் உயிர் போன இடத்தில் ஒரு விளக்கும் செம்பில் தண்ணீரும் வைத்து, கருமாதி வரை அந்த விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது மருமகளின் வேலை. ஒரே பிள்ளை, ஆகவே ஒரே மருமகள். மூன்றாம் நாள் நானே நேரில் போனேன். வீடு நிறைய ஆட்கள். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரிய குண்டானில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய்த் திட்டினேன். கேஸ் கெட்டுப்போகும் என்றேன். நீ செய்யும் காரியத்துக்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது என்றேன்.

"செத்துப்போனது அத்தை. கேஸு அவரு மேலதான போட்டிருக்கு?" என்றாள் அக்கா.

பதினாறு நாளும் இருந்து, கருமாதி முடித்து, பதினேழாம் நாள்தான் வந்தாள். வந்து என்னிடம், யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை தெரியுமா என்று சந்தோஷமாக வேறு சொன்னாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கருமாதியன்று எவனோ செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார். மொட்டைத் தலையோடு அந்த மனிதர், பக்கத்தில் பாயில் அக்கா. இது நீங்கள்தானா? ஆமாங்க. பதினாறு நாள் அந்த வீட்டிலேயே தங்கினீர்களா? ஆமாங்க. எதிர்மனுதாரருக்கும் சோறு போட்டீர்களா? எழவு வூட்டுல ஒருத்தருக்கு மட்டும் போடாம இருக்க முடியுங்களா? இப்படியே மெதுவாக நடத்திக்கொண்டு போய், அப்படியானால் அவர் செய்ததையெல்லாம் மன்னித்துவிட்டீர்கள், அப்படித்தானே அம்மா என்று கேட்டார்.

"அதெல்லாம் எப்பவோ மன்னிச்சுட்டனுங்க" என்றாள் அக்கா. "மனசுல வஞ்சம் வெச்சுக்கிட்டு வெளக்குப் போட முடியுங்களா?"

நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். 'எதிர்மனுதாரரின் செயல்களை நான் மன்னித்துவிட்டேன் என்றால் சரிதான்' என்று கோர்ட் நடையில் பதிவானது. விளக்கும் வஞ்சமும் அதில் இல்லை. எங்கள் வக்கீல் எழுந்து, அவரோடு சேர்ந்து வாழ விருப்பமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாங்க என்றாள். அதுவும் பதிவானது. ஆனால் தீர்ப்பில் முதலில் சொன்னதே நின்றது. கொடுமை நடந்தது உண்மை, மனுதாரர் அதை மன்னித்ததும் உண்மை, ஆகவே மனு தள்ளுபடி. கோர்ட்டைக் குறை சொல்லி என்ன செய்வது? அக்காவே சொன்னதைத்தான் எழுதினார்கள். அன்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அவளைத் திட்டினேன். உன் நல்ல மனசைத் தூக்கிக் குப்பையில் போடு என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒருத்தர மன்னிச்சா அவரு கூடவே பொழைக்கணும்னு எந்த ஊர்ல பாப்பா இருக்குது?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பத்தியை அடித்தவள் நான்தான், ஒரு தடவையாவது அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கலாம் என்று எனக்கு உறைத்தது. அதை அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மனிதர் அங்கன்வாடி வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளேயே வந்துவிட்டார். கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. கோர்ட்டே சொல்லிவிட்டது, இவள் என் பொண்டாட்டிதான் என்று சொல்லிக்கொண்டே குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு மைசூர்பாகு கொடுத்தார். பிறகு அக்காவின் தலைமுடியைப் பிடித்து வாசல் வரை இழுத்தார். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவளைவிட, அந்தக் குழந்தைகள் போட்ட கூச்சலில்தான் அக்கம்பக்கத்தில் ஆட்கள் ஓடிவந்தார்கள். அன்று சாயங்காலம் எங்கள் வக்கீல் ஒன்று சொன்னார். சட்டத்தில் மன்னிப்பு என்பது நிபந்தனையோடு வருவது. மறுபடி கொடுமை செய்தால், மன்னித்த பழைய கொடுமைகளும் சேர்ந்து திரும்ப உயிர் பெற்றுவிடும். புது மனு போடலாம்.

இந்தத் தடவை ஒவ்வொரு பத்தியாகப் படித்துக் காட்டினேன். கூண்டில் கேட்பார்கள், மன்னிக்கவில்லை என்று சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் தினமும் சொன்னேன். சொல்லிக் காட்டு என்றால் சிரிப்பாள், இல்லையென்றால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஒரு நாள்கூட அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைக்க முடியவில்லை. இவளைக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவையும் தோற்கப்போகிறோம் என்று நான் புலம்பாத ஆள் இல்லை.

தோற்கவில்லை. விவாகரத்து கிடைத்தது. அதன் நகல் ஒன்றை அங்கன்வாடியில் சத்துமாவு மூட்டைகளுக்கு மேலே இருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறாள். அதன் பிறகு அவர் ஒரே ஒரு தடவை வந்தார். இந்த முறை போலீஸ் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். இப்போது வெள்ளிக்கிழமைகள் மற்ற நாள்களைப் போலவே போகின்றன. நானும் இப்போதெல்லாம் மனுவில் கையெழுத்துப் போட வரும் பெண்களுக்கு அந்தப் பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுகிறேன். சில பேர் யோசிக்கிறார்கள். யோசிக்காதீர்கள் என்று சொல்வதற்குள் எனக்கே எரிச்சலாக வருகிறது.

இரண்டாவது தடவை சாட்சி சொன்ன அன்று, அதே வக்கீல் அதே மெதுவான குரலில், இப்போதும் அவரை மன்னித்துவிட்டீர்கள்தானே அம்மா என்றுதான் கேட்டார். அக்கா கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு, "இல்லீங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வெளியே வந்ததும் டீக்கடையில் நிறுத்தி, அப்பாடா, ஒருவழியாக நான் சொல்லிக்கொடுத்தது உன் மண்டையில் ஏறிவிட்டது என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொல்லிக்கொடுத்தத நான் சொல்லல பாப்பா" என்றாள். "அந்த வக்கீலு கேட்டதும் மன்னிச்சுட்டமான்னு உள்ள தேடிப் பாத்தேன். முன்ன இருந்துச்சு. இப்ப இல்ல."