பத்மநாதன் தூக்கிய கை

சயூரன் ஆடிய ஆட்டம் என்னவென்று ஒஸ்லோத் தமிழரில் பாதிப் பேருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கால்பந்து என்றுதான் நினைத்தார்கள். அவனுடைய தகப்பன் தர்மலிங்கம் ஒரே ஒருமுறை மைதானத்துக்கு வந்தார். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதையும், ஓடுகிறவன்மேல் நாலு தடியன்கள் விழுவதையும் பார்த்துவிட்டு இடைவேளையோடு எழும்பிப் போய்விட்டார். இது அமெரிக்கன் ஃபுட்பால் என்று சயூரன் பிறகு வீட்டில் விளக்கினான். இதில் குவாட்டர்பேக் என்று ஒருவன் இருப்பான், ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும், யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று கண் மூடித் திறப்பதற்குள் அவன்தான் முடிவெடுக்க வேண்டும், அந்தக் குவாட்டர்பேக் நான்தான் என்றான். சம்பளம் தருவாங்களோ என்று மட்டும் தர்மலிங்கம் கேட்டார்.

அப்போது யாரும் தரவில்லை. பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒஸ்லோவின் ஓரத்தில் ஸ்டோவ்னரில் ஒரு மாடிக் குடியிருப்பில் வளர்ந்தவன் சயூரன். பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் இழுத்துக்கொண்டு போனதால் ட்வெய்ட்டா வுல்வ்ஸ் என்ற அணியில் சேர்ந்தான். கூட ஆடிய நோர்வேப் பையன்கள் எல்லாரும் அவனைவிட ஒரு தலை உயரம். ஆனால் அவனுக்குக் கையும் வாய்த்திருந்தது, பதறாத குணமும் வாய்த்திருந்தது. எதிரணியின் மலை போன்ற ஒருவன் மூச்சிரைக்க ஓடிவரும்போதும் இவன் நின்ற இடத்தில் நின்று பந்தைச் சேர வேண்டிய கையில் சேர்ப்பான். இருபத்துநாலு வயதில் அவனைக் குவாட்டர்பேக் ஆக்கினார்கள். சில ஆண்டுகளில் இரண்டாம் பிரிவில் கிடந்த அணி முதற்பிரிவுக்கு ஏறியது. அன்று மைதானம் முழுக்க அவனைத் தோளில் சுமந்து திரிந்தார்கள்.

அதன் பிறகுதான், 2005இல், கழகம் அவனுடன் ஒப்பந்தம் போட்டது. இரண்டு ஆண்டுக்கு அரைநேரச் சம்பளம். குவாட்டர்பேக்காக ஆட வேண்டும், சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதற்காக அஞ்சல் பிரிக்கும் இடத்தில் தனக்கிருந்த நிரந்தர வேலையை அவன் விட்டான். ஸ்டோவ்னரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்த அவன் மனைவி தர்மினிக்கு அதில் துளியும் சம்மதமில்லை. இரண்டு வருசம் கழித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவங்கள் என்னைக் கைவிட மாட்டாங்கள் என்று அவன் சொன்னான். நம்பித்தான் சொன்னான்.

அந்த ஆண்டுதான் பத்மநாதனையும் கழகத்துக்குள் கொண்டுவந்தான். பத்மநாதனுக்குக் குறொன்லாண்டில் பலசரக்குக் கடை இருந்தது. அவருடைய மகன் சயூரனிடம் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தான். கழகத்தில் 'ஸ்டீர' என்று சொல்லும் நிர்வாகக் குழுவில் எங்கள் ஆள் ஒருவர் இருக்க வேண்டும், எங்கள் பிள்ளைகளும் ஆடுகிறார்கள், நாளைக்கு ஒன்றென்றால் கதைக்க ஆள் வேண்டாமா என்று சயூரன் அவர் கடைக்கே போய் நச்சரித்தான். பொதுக்கூட்டத்துக்கு முன்னால் ஆளாளாகப் பிடித்து ஆதரவும் சேர்த்தான். பத்மநாதன் தெரிவானபோது அவரைவிட இவன்தான் கூடச் சந்தோசப்பட்டான்.

அடுத்த ஆண்டு கோடையில் ஓர் ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் அவனுடைய வலது தோளின்மேல் முழுப்பாரத்தோடு விழுந்தான். எலும்பு முறியவில்லை, ஆனால் மிச்சப் பருவத்தில் பெரும்பகுதி கையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றான். அணி சறுக்கிக்கொண்டே போனது. கடைசி ஆட்டங்களுக்குத் திரும்பி வந்து ஒன்றை வென்றும் கொடுத்தான். ஆனாலும் பருவம் முடிந்ததும் கழகத்துக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. சயூரனுக்கு ஒப்பந்தத்தை நீட்டுவதா, அதே காசுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு இளம் பையனைக் கொண்டுவருவதா?

பழைய ஆட்டக்காரர்கள் அவன் பக்கம் நின்றார்கள். இந்த அணியை ஏற்றிவிட்டவனே அவன்தான், ஒரு காயத்துக்காகக் கழற்றிவிடுவதா என்று கேட்டார்கள். மற்றவர்கள், முப்பது வயதாகிவிட்டது, தூர எறிவதற்குக் கையில் வலு இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது என்பது சயூரனுக்கே தெரியும். தனியாகப் பயிற்சி செய்யும்போது பந்து நினைத்த இடத்துக்கு முன்னாலேயே விழுந்தது. அதை அவன் தர்மினிக்குக்கூடச் சொல்லவில்லை. குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டால் திரும்பி வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நவம்பரில் குழு கூடியது. மறுநாள் தலைவர் கெய்ர் அவனைக் கழக அறைக்குக் கூப்பிட்டார். குழாய் வேலைக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். ஒப்பந்தம் நீட்டப்படவில்லை என்றார். குழு சரிபாதியாகப் பிரிந்து நின்றது, கடைசிக் கை பத்மநாதனுடையது, அது உனக்கு எதிராகத்தான் எழும்பியது என்றும் சொன்னார். உன் நாட்டுக்காரரே அப்படி நினைக்கும்போது எங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்டுவிட்டு அவன் நல்ல தோளில் தட்டினார்.

சயூரன் நேரே குறொன்லாண்டுக்குப் போனான். பத்மநாதன் வெண்டிக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும், கல்லாவில் நின்ற பெண்ணிடம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவனைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

“அண்ணை, நீங்கள் எனக்கு எதிராத்தான் கை தூக்கினனீங்களோ?”

“ஓம், தூக்கினனான்.”

“என்ரை தோள் சரிவராது எண்டோ?”

“தோளைப் பற்றி எனக்கென்ன தெரியும். அந்த ஆட்டமே எனக்கு இன்னும் ஒழுங்கா விளங்கேல்லை.” பத்மநாதன் குரலைத் தாழ்த்தினார். “எல்லாரும் என்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தவங்கள், சயூ. நான் உனக்குத் தூக்கினால், தமிழன் தமிழனுக்குத் தூக்கிறான் எண்டுதான் நினைப்பாங்கள். பிறகு அங்கை நான் என்னத்தைக் கதைச்சாலும் எடுபடாது. நாளைக்கு எங்கடை பிள்ளையளுக்கு ஒண்டு எண்டால் ஆர் கதைக்கிறது?”

அவர் மறைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. இவன் விளங்கிக்கொள்வான், கொஞ்சம் போனால் மெச்சவும் மெச்சுவான் என்ற நினைப்பில் சொன்னார்.

“முதல் எனக்குத்தானே அண்ணை ஒண்டு வந்தது,” என்றான் சயூரன்.

பத்மநாதன் அலமாரிப் பக்கம் திரும்பினார். மகளுக்குக் கொடு என்று ஒரு முறுக்குப் பையை எடுத்து நீட்டினார். சயூரன் அதை வாங்கி, போகும் வழியில் கல்லாவின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

தர்மினி அவனைக் குத்திக்காட்டவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனுக்குச் சண்டை பிடிக்கவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். பழைய இடத்தில் திருப்பி எடுப்பாங்களோ என்று மட்டும் கேட்டாள். எடுத்தார்கள், ஆனால் தற்காலிகமாக. ஆள் வராத நாட்களில் கூப்பிடுவார்கள். தனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் நிரந்தரமாகி நிற்க, அவன் காலையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாசியில் கழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அணியின் ஆட்ட உத்திகளை எல்லாம் இத்தனை ஆண்டாக வகுத்தவன் சயூரன். குவாட்டர்பேக் போடும் எந்தச் சத்தத்துக்கு யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அவனுக்குத்தான் முழுதாகத் தெரியும். வரும் அமெரிக்கப் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். கெய்ர் கேட்டிருந்தால் முகத்தில் அடித்தாற்போல மறுத்திருப்பான். வந்து கேட்டவர்கள், எதிரணி அவனை நெருங்காமல் இத்தனை காலம் ஆட்டத்தில் அவனுக்கு முன்னால் நின்று அடிவாங்கியவர்கள். அவர்களுக்காகப் போனான்.

பையன் பெயர் பிரண்டன். மரியாதையான பிள்ளை, சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். உள்ளரங்கில் முதல் நாள் அவன் எறிந்த பந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாழாமல் போய், ஓடிக்கொண்டிருந்தவன் நெஞ்சில் விழுந்தது. தன் நல்ல காலத்திலும் தன்னால் அப்படி எறிந்திருக்க முடியாது என்று சயூரனுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு போனான். குழு பிழையான முடிவு எடுத்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். உன் கை முடிஞ்சுது தம்பி என்று பத்மநாதன் சொல்லியிருந்தால், ஒரு மாதம் கோபித்துக்கொண்டு பிறகு ஆறியிருப்பான். அவனுக்கு எதிராக வாக்களித்த நோர்வேக்காரர்களாவது அவனுடைய கையைப் பார்த்தார்கள். அவனை அறிந்த மனிதர் அவன் கையைப் பார்க்கவே இல்லை. அந்த நினைப்பை அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்தப் பருவம் ட்வெய்ட்டா வுல்வ்ஸ் வெற்றிக்கிண்ணத்தைத் தூக்கியது. இறுதி ஆட்டத்தன்று சயூரன் வேலையில் நின்றான். அடுத்த கிழமை ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் மகளுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டிருந்தபோது பத்மநாதன் எதிர்ப்பட்டார். கிண்ணம் வென்ற பூரிப்பு அவருக்கு இன்னும் இறங்கவில்லை.

“பாத்தியே சயூ, அண்டைக்கு எடுத்த முடிவு பிழைக்கேல்லை.”

“முடிவு சரிதான் அண்ணை,” என்றான் சயூரன். “ஆனா நீங்கள் அதை என்ரை கையைப் பாத்து எடுக்கேல்லை. என்ரை பேரைப் பாத்து எடுத்தனீங்கள்.”

பத்மநாதனின் முகம் கறுத்தது. இன்னும் அதையே தூக்கிக்கொண்டு திரிகிறாயா, இப்படிச் சின்ன விசயத்துக்கெல்லாம் பிரிந்து நின்றால் நாங்கள் இந்த நாட்டில் எப்படித் தலையெடுப்பது என்று கேட்டுவிட்டுப் போனார். மகள், அந்த மாமா ஏன் கோபமாகப் போகிறார் என்று கேட்டாள். அவருக்கு அவசரம் என்றான்.

அந்த ஆண்டின் கடைசி நட்புப் போட்டியில் பிரண்டனின் முழங்கால் திருகி, அவனை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். அடுத்த பருவத்தில் பாதிக்குமேல் ஆட முடியாது என்று கேள்விப்பட்டபோது சயூரன் அவனுக்காக உண்மையாகவே வருந்தினான், போய்ப் பார்த்தும் வந்தான். அவனுடைய ஒப்பந்தம் என்னவாயிற்று என்று யாரிடமும் விசாரிக்கவில்லை.

2008 வசந்தத்தில் ஸ்டோவ்னரில் ஒரு கலியாண விருந்து. சயூரனும் தர்மினியும் இருந்த மேசைக்குப் பின்மேசையில் பத்மநாதன் நடுநாயகமாக இருந்தார். இப்போது அவர் கழகத்தின் துணைத் தலைவர். சயூரன் முதுகுப்பக்கம் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அமெரிக்கப் பெடியனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் அவனை அனுப்பிவிடுவோம் என்றார்களாம், இவர்தான் எழும்பிப் பேசினாராம். முதலாவதாகக் கை தூக்கியதும் இவர்தானாம். அதன் பிறகு எல்லாரும் தூக்கி, இன்னும் இரண்டு வருசத்துக்கு நீட்டிவிட்டார்களாம்.

“ஒரு காயம் பட்டதுக்காக ஆளைக் கைவிடலாமோ?” என்றார் பத்மநாதன். “பெடியன் எங்களை நம்பி வந்தவன்.”

மேசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். தர்மினி புருசனின் முகத்தைப் பார்த்தாள். திரும்பி ஏதாவது சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். சொல்ல மாட்டானா என்று ஆசையாகவும் இருந்தது. அவன் திரும்பவில்லை. தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து, விடியப் பிந்தாமல் வேலைக்குப் போக வேண்டும், வெளிக்கிடுவோம் என்றான். பிள்ளையின் மேலங்கியை எடுத்துக்கொண்டு தர்மினி அவன் பின்னால் நடந்தாள்.