லவினாவும் காது கேட்காத வேட்டைக்காரரும்

லவினாவோடு காட்டுக்குப் போய்வந்தவர்களிடம் அவளைப் பற்றிக் கேட்டால், அவள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைத்தான் முதலில் சொல்வார்கள். வெட்டவெளியில் பத்தடிக்கு ஒரு தடவை, புதர் அடர்ந்த இடமென்றால் மூன்றடிக்கு ஒரு தடவை. மூஸ் மான் வேட்டைக்காகத் தெற்கிலிருந்து வரும் ஆட்கள் முகாமுக்குத் திரும்பியதும் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். "எங்க வழிகாட்டியம்மா கழுத்துல ஸ்பிரிங் வச்சிருக்காங்க" என்று யாரோ ஒருவர் சொன்னது பெல்லி ஆற்றங்கரை முழுக்கப் பரவி, கடைக்கு ரொட்டி வாங்கப் போனாலும் பையன்கள் அவளை 'ஸ்பிரிங் அக்கா' என்று கூப்பிடும்படி ஆகிவிட்டது. அவள் கோபித்துக்கொண்டதில்லை. இருபத்தாறு வருஷமாகக் கூட்டிப்போன ஒவ்வொருவரையும் உயிரோடு கூட்டிவந்திருக்கிறாள். சிரிப்பதற்கு ஆள் மிச்சம் இருக்கிறதே, அது போதாதா என்பாள்.

அந்தப் பயம் எங்கே பிடித்தது என்பது எங்கள் ஊருக்கே தெரியும். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். கணவன் கிரேடி ஒரு வேட்டை முகாமில் வழிகாட்டி, அவள் அங்கேயே சமையல். ஒரு நாள் கறி சுமக்க ஆள் போதாமல் அவளும் கூடப் போனாள். மூஸின் விலாக்கறியைச் சுமந்துகொண்டு அவள் முன்னால் நடக்க, தோளில் ஒரு தொடையைச் சுமந்துகொண்டு கிரேடி பின்னால் வந்தான். கரடி அவனுக்கும் பின்னால் வந்தது. அவன் போட்ட சத்தத்தில் திரும்பியவள், அடுத்த மூச்சு விடுவதற்குள் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தின் மேல் இருந்தாள். எப்படி ஏறினாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. கீழே நடந்ததை மரத்தைக் கட்டிக்கொண்டு முழுக்கப் பார்த்தாள். கரடிக்கு வேண்டியது கறிதான். அதை இழுத்துக்கொண்டு போனபோது கிரேடியின் இடது கண்ணும் பாதிக் காதும் போயிருந்தன.

கிரேடி அதை வேடிக்கையாக்கிவிட்டான். விருந்தாளி யார் வந்தாலும், "எனக்கு நடந்ததை மேலேர்ந்து தெளிவாப் பாத்த ஒரே சாட்சி என் பொண்டாட்டிதான்" என்று ஆரம்பிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். லவினாவும் சிரித்துவிட்டு, அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவாள்.

ஒற்றைக் கண்ணோடு அவனால் வழிகாட்டி வேலைக்குப் போக முடியவில்லை. இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகு ஒரு இலையுதிர்காலத்தில் அவள் துப்பாக்கியை எடுத்தாள். பெட்டை மூஸ் கத்துவதுபோல இரண்டு கைகளையும் வாயருகே குவித்து அவள் நீளமாக இழுத்துக் குரல் கொடுத்தால், ஏரிக்கு அக்கரையில் நிற்கும் கிடா புறப்பட்டு வந்துவிடும். முகாம் முதலாளி வாரனுக்கு அது போதும். அவள் பயத்தைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

நான் சொல்ல வந்தது, அவளுக்கு ஐம்பது வயதான வருஷம், செப்டம்பர் கடைசி வாரத்தில் நடந்தது.

அந்தத் தடவை அவளுக்குக் கிடைத்த ஆள் மார்வின். அயோவாவில் பன்றிப் பண்ணை வைத்திருந்தவர், அறுபத்தேழு வயது. ஏரியில் வந்து இறங்கிய சின்ன விமானத்திலிருந்து கரைக்குத் தாவும்போது கால் வழுக்கித் தலைமுழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டார். எழுந்து நின்று தானே சிரித்தார். எட்டாம் நாள் வருவதாகச் சொல்லிவிட்டு விமானம் போய்விட்டது. அதன் சத்தம் மலைக்குப் பின்னால் அடங்கும்வரை, ஒவ்வொரு வருஷமும்போல லவினா கரையிலேயே நின்றாள். ஏரி, சதுப்பு, ஆளுயர வில்லோ புதர், மலைச்சரிவு. அடுத்த மனுஷக் குரலுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர்.

மறுநாள் காலை சரிவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, "இடது பக்கம் ஒரு பெட்டை" என்று முணுமுணுத்தாள். அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். கை தட்டினாள். ஒன்றுமில்லை. அவள் எழுந்து அவருக்கு எதிரே போய் உட்கார்ந்து, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: காபி வேணுமா?

"குடுங்க" என்றார் மார்வின்.

அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து இரண்டு காது மெஷினை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"தண்ணியில விழுந்தப்போ ரெண்டும் போச்சு. சொன்னா திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பயந்தேன்."

"எவ்வளவு கேக்கும்?"

"துப்பாக்கி வெடிச்சா கேக்கும்."

இந்தக் காட்டில் கண்ணை நம்பி யாரும் நடப்பதில்லை. குச்சி முறிவது, காக்கை திடீரென்று பேச்சை நிறுத்துவது, புதருக்குள் ஒரு மூச்சு, இதையெல்லாம் கேட்டுத்தான் உயிர் பிழைக்கிறோம். லவினா சாட்டிலைட் போனில் வாரனைக் கூப்பிட்டாள். மேகம் மலையில் உட்கார்ந்துவிட்டது, எட்டாம் நாளுக்கு முன்னால் விமானம் கிளம்பாது என்றார். சாயங்காலம் வீட்டுக்குப் பேசினாள்.

"உனக்குப் பொருத்தமான ஆளுதான்டி" என்றான் கிரேடி. "நீ ரெண்டு பேருக்கும் சேத்து பயப்படு. அவரு நிம்மதியா இருக்கட்டும்."

"போய்யா. எனக்கு இங்க கை நடுங்குது."

"அது எப்பவும்தானே நடுங்கும்" என்றவன், கேலியை விட்டுவிட்டு, "லவினா, புதருக்குள்ள மட்டும் அவரைத் தனியா விட்றாத" என்றான்.

அன்றிலிருந்து தன் இடுப்புப் பட்டையிலிருந்து அவர் மணிக்கட்டுக்கு ஒரு கயிறு கட்டினாள். ஒரு இழுப்பு என்றால் நில். இரண்டு என்றால் சுடத் தயாராகு. நிறுத்தாமல் இழுத்தால் பின்னால் வா. "எங்க பண்ணையில பன்னியத்தான் இப்படிக் கூட்டிட்டுப் போவோம்" என்றார் மார்வின், ஊருக்கே கேட்கிற குரலில். தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் லவினா பதறிப்போய் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவாள். ஆனால் அவள் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு அவர் ஒரு நாளும் சிரிக்கவில்லை. அவள் திரும்பும்போதெல்லாம் அவரும் திரும்பிப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் மதியம் அவள் கொடுத்த குரலுக்குச் சரிவிலிருந்து ஒரு கிடா பதில் சொன்னது. உறுமிக்கொண்டே இறங்கி வந்தது. புதருக்கு மேல் கொம்பின் நுனியை முதலில் பார்த்தவர் மார்வின்தான். ஒரே குண்டு. கரையிலிருந்து அறுநூறு மீட்டர் தள்ளி விழுந்தது. குதிரையைவிடப் பெரிய உடம்பு. உரித்து, துண்டு போட்டு, இரண்டு தொடைகளைக் கரையில் விட்டிருந்த படகுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மிச்சக் கறியைக் குடல் கிடந்த இடத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி மரக்கிளைகளின் மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கொம்பையும் பக்கத்திலேயே வைத்தார்கள். கறி முழுக்க வெளியே போன பிறகுதான் கொம்பு போக வேண்டும், அது இங்கே சட்டம். அதை விட்டு வர மார்வினுக்கு மனசே இல்லை.

காலையில் மிச்சக் கறியை எடுக்கத் திரும்பி வந்தார்கள். முதுகில் கறி கட்டிச் சுமக்கும் சட்டம் இருந்ததால் கயிறு சிக்கிக்கொண்டே வந்தது. பாதி வழியில் லவினாவே அதை அவிழ்த்துவிட்டாள். தன் வாழ்நாளில் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான் என்று பிறகு அவள் சொல்லியிருக்கிறாள்.

காக்கைகள் மர உச்சியில் உட்கார்ந்திருந்தன. கீழே இவ்வளவு கறி கிடக்க, ஒன்றுகூட இறங்கவில்லை. அது அவளுக்கு உறைக்கும்போதே காலடியில் சேற்றைப் பார்த்தாள். நேற்று மார்வின் பதித்த பூட்ஸ் தடம். அதன் மேலேயே, அதை முழுக்க மூடி, இன்னொரு பாதம். நகங்கள் விரல் தடத்துக்கு நாலு விரற்கடை முன்னால் குத்தியிருந்தன. ஓரத்தில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தது அவ்வளவுதான். அவள் பூட்ஸ் கயிறு கட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு மார்வின் அவளைத் தாண்டிப் போய்விட்டார்.

நிமிர்ந்தபோது அவர் முப்பதடி முன்னால் இருந்தார். அவருக்கு முன்னால், கறி வைத்த இடத்தில், தார்ப்பாய் இல்லை. பாசியும் மண்ணும் பிடுங்கிய புதருமாக ஒரு மேடு எழும்பியிருந்தது. அதிலிருந்து கொம்பின் ஒரு பக்கம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கரடி தன் சாப்பாட்டை மூடிவைக்கும் விதம் அது. மூடிவைத்துவிட்டு அது தூரம் போகாது.

கத்தினால் அவருக்குக் கேட்காது. அதற்குக் கேட்கும்.

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் நின்றது. கீழ்க்கிளைகள் ஏணிபோல வரிசையாக இருந்தன. லவினா அதைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. பிறகு கால்கள் நடந்தன. ஓடக் கூடாது, குச்சியை மிதிக்கக் கூடாது. இவ்வளவு காலம் முதுகுப் பக்கமே பார்த்துப் பார்த்து நடந்தவளுக்கு இப்போது பயம் முழுக்க எதிரே இருந்தது. காற்று திரும்பியது. நனைந்த நாயும் அழுகலும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

அவர் மேட்டுக்குப் பத்தடியில் நின்றபோது பின்னாலிருந்து அவர் சுமைச் சட்டத்தின் பட்டையைப் பிடித்தாள். மார்வின் சிரித்த முகத்தோடு திரும்பினார். "பாருங்க, யாரோ நம்ம கொம்பைப் பொதைச்சு வச்சிருக்காங்க" என்றார், அந்தப் பெரிய குரலில்.

மேட்டுக்குப் பின்னால் படுத்திருந்தது எழுந்து நின்றது.

முதலில் முதுகுத் திமில் தெரிந்தது, அப்புறம் தலை. மூக்கில் பாசி ஒட்டியிருந்தது. லவினாவின் கை மார்வினின் வாயைப் பொத்தியது. கரடி பற்களை ஒன்றோடொன்று அடித்தது, காய்ந்த கட்டையைத் தட்டுவதுபோல. அந்தச் சத்தம் அவருக்கு இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் வாயின் மேல் நடுங்கிக்கொண்டிருந்த அவள் கைதான். அவள் பார்க்கும் திசையில் அவரும் பார்த்தார். அவர் உடம்பு மரமாகிவிட்டது.

அவள் அவரைப் பட்டையோடு இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். ஓரடி. இன்னும் ஓரடி. அவர் முதுகுச் சட்டம் ஒரு வில்லோ கிளையில் மாட்டியது. பட்டென்று கிளை முறிந்தது. கரடி பாய்ந்தது.

அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக வரும் என்பதைப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். எட்டடியில் வந்து நின்றது. அது கிளப்பிய சேறு அவள் முகத்தில் தெறித்தது. துப்பாக்கி அவள் தோளில் பொருந்தியிருந்தது. வாய் தானாகப் பேசிக்கொண்டிருந்தது, எங்கள் ஊர்க் காஸ்கா மொழியில், வீட்டுப் பெரியவர்களிடம் பேசுகிற மாதிரி.

"பெரியவரே, அது உங்களுதுதான். நீங்களே வச்சுக்குங்க. நாங்க கேக்க வரல. இந்த மனுஷனுக்குக் காது கேக்காது, தெரியாம சத்தம் போட்டுட்டாரு. கூட்டிட்டுப் போயிடறேன். போயிடறேன் பெரியவரே."

கரடி தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டது. அதன் வாயோரம் எச்சில் கயிறாகத் தொங்கியது. பக்கவாட்டில் திரும்பி நின்றது. அவள் பேசிக்கொண்டே, இழுத்துக்கொண்டே, பின்னாலேயே நடந்தாள். அது அவர்களைப் பார்த்துக்கொண்டே மேட்டின் மேல் ஏறிப் படுத்தது. புதர் மறைத்த பிறகு பார்க்க முடியவில்லை, அதுதான் இன்னும் மோசம். ஏரி வரைக்கும் ஒவ்வொரு புதரும் அதுவாக இருந்தது.

படகில் ஏரியின் நடுவுக்கு வந்த பிறகுதான் துடுப்பை நிறுத்தினாள். துப்பாக்கியை மடியில் வைத்துப் பார்த்தாள். அதன் பாதுகாப்புப் பூட்டு விடுவிக்கப்படவே இல்லை. அது இன்னும் ஓரடி வந்திருந்தாலும் அந்தத் துப்பாக்கி சுட்டிருக்காது. மார்வின் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தார். பூட்டு விஷயத்தை அவரிடம் அவள் சொல்லவில்லை.

எட்டாம் நாள் விமானம் வந்தது. விட்டு வந்த கறிக்காக வனத்துறை ஆளிடம் விவரம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. கொம்பு இல்லாமல் ஆளை அனுப்புவது முகாமுக்கு நல்ல பெயர் இல்லை என்று வாரன் முனகினார். மார்வின் இரண்டு தொடைகளையும் ஊர்க்காரர்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

துப்பாக்கிப் பூட்டைப் பற்றிக் கிரேடியிடம் மட்டும் சொன்னாள். ஏதாவது கேலி வரும் என்று காத்திருந்தாள். அவன் அவள் துப்பாக்கியைக் கழற்றி எண்ணெய் போட்டுத் துடைத்தான். அதற்குப் பிறகு விருந்தாளிகளிடம் அந்த மரத்துக் கதையை அவன் எடுத்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு மார்வினிடமிருந்து கடிதம் வந்தது. புதுக் காது மெஷின் வாங்கியிருந்தார். இப்போதெல்லாம் பண்ணைக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடிவதில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: 'உங்க உதடு அசைஞ்சதைப் பாத்தேன். அதுகிட்ட என்ன சொன்னீங்க?' லவினா பதில் எழுதினாள்: 'உங்களைப் பத்திப் புகார் சொன்னேன்.'

இனிமேல் போக மாட்டேன் என்று குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் வாரன் கூப்பிட்டபோது சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. விமானத்தில் ஏற்றும் முன் வந்தவரைத் திருப்பி நிற்கவைத்து, பின்னாலிருந்து பலகையில் ஒரு கரண்டியைப் போடுவாள். அவர் திரும்பினால்தான் பயணம்.

அந்தப் பயணத்தின் முதல் விடியற்காலையில் கூடாரத்துக்குப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் வாந்தி எடுத்தாள். அது ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். ஏரித் தண்ணீரில் வாய் கொப்பளித்து, அடுப்பை மூட்டி, "எந்திரிங்க, காபி ஆறுது" என்று அந்த வருஷத்து ஆளைக் கூப்பிட்டாள்.