சகலையின் டாக்டர்

நாலைந்து வருடங்களுக்கு முன், ஆடி முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பூந்தமல்லியில் என் மாமியார் வீட்டில் நடந்தது இது. சாப்பாட்டு மேஜையில் என் தட்டில் பருப்பு, ரசம், அப்பளம். எதிரே இருந்த சகலையின் தட்டில் எறா தொக்கு. அத்தை அவருக்கு அதை மறுபடி மறுபடி வைப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். கல்யாணமான புதிதில் அவர்தான் குடும்பத்தின் நோயாளி. விடிந்தால் தும்மல், மழைக்காலம் வந்தால் இழுப்பு. அவருக்கு வெந்நீர், மிளகு ரசம், ஃபேன் காற்று படாத மூலை. அப்போதெல்லாம் எறா தொக்கு கிண்ணம் என் பக்கத்தில்தான் இருக்கும். மூத்த மாப்பிள்ளைக்குக் கல்லைப் போட்டாலும் செரிக்கும் என்று அத்தை பக்கத்து வீட்டாரிடம் சொன்னதை ஒருமுறை காதாரக் கேட்டிருக்கிறேன்.

பிறகு எல்லாம் இடம் மாறியது. அவர் எங்கேயோ விசாரித்து, அலர்ஜிக்கு என்றே தனியாகப் படித்த ஒரு டாக்டரைக் கண்டுபிடித்தார். முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் ஊசியால் லேசாகக் குத்தி, எது தடிக்கிறது என்று பார்த்தார்களாம். மெத்தைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் அவருக்குப் பகை என்று தெரிந்தது. சிகிச்சை தொடர்ந்து நடந்தது. அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு இழுப்பு வரவில்லை. தெம்பாக வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் எனக்கு ஆரம்பித்தது. திடீரென்று உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும், அரிக்கும், சில மணி நேரத்தில் அடங்கும். சில நாள் உதடு வீங்கும். ஆளுக்கொன்று சொன்னார்கள். கத்தரிக்காயை விட்டேன். கருவாடு, முட்டை, கடைசியாக எறா. எதை விட்டும் பயனில்லை. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லியில் சாப்பிட்ட பிறகுதான் வரும். எறா கிண்டிய கரண்டியையே ரசத்திலும் போடுகிறார்கள் என்று நான் சந்தேகப்பட, என் மனைவி தனிக் கரண்டி கேட்க, அத்தை இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“என் டாக்டரப் போய்ப் பாரேன் சகல. நம்பர் தரட்டா?” என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். அந்த ‘என் டாக்டர்’ என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்கலாம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அவர் வீட்டில் என்னென்ன செய்தார்கள் என்று மனைவி மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டு அத்தனையும் செய்தேன். பழைய பஞ்சு மெத்தை போயிற்று. தலையணை உறை வாராவாரம் வெந்நீரில் வெந்தது. அவருக்கு ஒத்துவந்தது எனக்கு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று எரிச்சல்தான் மிச்சம்.

முதலில் சொன்ன அந்த ஞாயிறும் அப்படித்தான் தொடங்கியது. அம்பத்தூரிலிருந்து வானகரம் வழியாக வண்டி ஓட்டி வந்தேன். வேலப்பன்சாவடி தாண்டும்போதே வழக்கம்போலத் தலைவலி. வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல ஒரு மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீரும். பிறகு சாப்பாடு. கை கழுவும்போது உள்ளங்கை அரித்தது. கண்ணாடியில் பார்த்தால் உதடு பெரிதாக இருந்தது. கூடத்தில் எல்லோரும் சகலை சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து, தண்ணீர் வேண்டும் என்றேன்.

சிரிப்பை நிறுத்தியவர் அவர் ஒருவர்தான். “இன்னா சகல, கொரலு ஒரு மாதிரி கீது?”

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை முழுதாக வரவில்லை.

“அத்த, இது அரிப்பு இல்ல. தொண்ட அடைக்குது. எதிர்வூட்டு அண்ணன கார எடுக்கச் சொல்லு, சீக்கிரம்!”

காரில் என் பனியனைப் பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்தபடியே வந்தார். “பேசாத. மெதுவா இழு, மெதுவா உடு. நான் இத்தயெல்லாம் பாத்தவன், பயப்படாத” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் கேட்பதற்கு முன்பே அலர்ஜி, மூச்சு முட்டுகிறது என்று அவரே சொல்லிவிட்டார். உடனே தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று உள்ளே போவது தெரிந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

திரைக்கு அந்தப் பக்கம் அத்தை சகலையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கதான் எங்க குலசாமி என்றார். உயிர் போகப் பார்த்தது எனக்கு. குலசாமி ஆனது அவர். படுத்தபடி நான் நினைத்தது அதைத்தான்.

அலர்ஜி நிபுணரைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வேறு யாராவது கிடைப்பார்களா என்று இழுத்தேன். என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்தாள். “உங்களுக்கு அவரோட டாக்டர் வேணாம்னா போங்க. எனக்கு நீங்க வேணும்.”

முகப்பேர் பக்கம் சின்ன கிளினிக். டாக்டர் ஒரு பெண்மணி. சகலை துணைக்கு வந்து எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நான் உட்கார்ந்ததும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்து நீட்டினேன். டாக்டர் சிரித்து, கையை இறக்கிவிடச் சொன்னார். “முதல்ல பேசுவோம். கடைசியா வந்துச்சே, அதுலேருந்து பின்னால போங்க. அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க, என்ன பூசினீங்க, எங்க போனீங்க?”

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் என் வேலையும் அதுதான். பீஸ் ரிஜெக்ட் ஆனால் எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று பின்னோக்கிப் போய்ப் பிடிப்பேன். அதனால் ஒழுங்காகவே பதில் சொன்னேன். மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டார். அரிப்புக்குப் போடுவதைத் தவிர வேறு எதுவும் கிடையாது என்றேன்.

“டாக்டர், தலவலி மாத்திர போடுவாரு” என்றது பின்னாலிருந்த குரல். “எங்க மாமியார் ஊட்டுக்கு வந்தா, செருப்பக் கழட்டின ஒடனே மொதல்ல அதான்.”

“அது மருந்தாங்க? கடையில கேட்டா கிழிச்சுக் குடுக்கறாங்க” என்றாள் என் மனைவி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மற்ற நாட்களைப் பற்றிக் கேட்டார். யோசித்தால், ஓவர்டைம் பார்த்துவிட்டு உடம்புவலிக்கு அதே மாத்திரை போட்ட நாட்களிலும் தடிப்பு வந்திருந்தது. எறா இல்லை, கரண்டி இல்லை, மெத்தை இல்லை. சில வலி மாத்திரைகள் சிலருக்கு இப்படிச் செய்யும், இதற்கு அந்த ஊசிச் சோதனை உதவாது, நடந்ததைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்றார். சகலைக்குக் கை நிறையக் குத்தல், எனக்கு ஒன்றுகூட இல்லை. அதிலும் எனக்கு ஒரு குறைதான்.

புறப்படும்போது டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். “அது சரி, ஞாயித்துக்கிழமை அங்க போனா மட்டும் ஏன் தலைவலி வருது?”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலுங்க டாக்டர் என்றேன்.

“ஆமா டாக்டர், அந்த ரோடே அப்டிதான்” என்றார் சகலை. “லாரிப் பொகை, தூசி. யாருக்கா இருந்தாலும் மண்டையப் பொளக்கும்.”

அந்த மாத்திரை வகையை அடியோடு நிறுத்தியதும் தடிப்பு நின்றது. எதையெல்லாம் தொடக்கூடாது என்று எழுதிய ஒரு சீட்டு இப்போது என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது. எந்த டாக்டரிடமும் எந்த மருந்துக் கடையிலும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன். ஆபத்தில்லாத ஒரு மாத்திரையைத் தன் முன்னாலேயே போடவைத்துக் காத்திருந்து பார்த்து, இதை மட்டும் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எறா தொக்கும் என் தட்டுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அத்தை கிண்ணத்தை முதலில் சகலை பக்கம்தான் நகர்த்துகிறார். எனக்குக் கண் அங்கேதான் போகிறது.

வேலப்பன்சாவடி தாண்டும்போது இன்றைக்கும் தலை வலிக்க ஆரம்பிக்கும். டாக்டர் போடலாம் என்று சொன்ன மாத்திரையும் பையில்தான் இருக்கிறது. அதைத் தொடாமல், உள்ளே போய் சகலைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வலி தானாக இறங்கும்வரை அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு முடிவதற்குள் அது இறங்கிவிடுகிறது.