ஆசிட் மச்சானும் மூன்றாவது வார்ப்பும்

என் மனைவியின் அண்ணனை எங்கள் வெண்கல வார்ப்பு ஆலையில் எல்லாரும் ஆசிட் என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக ஆய்வுக்கூடத்தில் உலோகங்களை அமிலத்தில் கரைத்துக் கரைத்து, நாக்கிலும் அந்தக் காரம் ஏறிவிட்டது. என் கல்யாணத்தன்று நான் போட்டிருந்த மோதிரத்தைக் கழற்றச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, செம்பு கூடுதல் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவர். அன்றைக்கு முட்டிக்கொண்டது. பதினோரு வருடமாக அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

நான் உலை மேஸ்திரி. நான் வார்க்கும் வெண்கலத்தில் குடிநீர்க் குழாய்களுக்கு வால்வு செய்கிறார்கள். மச்சான் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். அந்த மாதம் இரண்டு வார்ப்பை அடுத்தடுத்துத் தள்ளிவிட்டார். மூன்றாவதும் போனால் உலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். என் மனைவி அண்ணனுக்கு போன் போட்டுக் கெஞ்சினாள். தங்கைக்காக அளவு மாறாது என்று போனை வைத்துவிட்டாராம்.

மூன்றாவதும் தள்ளுபடி. இரும்பு அனுமதித்த அளவைவிட ஆறு மடங்கு அதிகமாம். நான் உலைப் பக்கம் இரும்பையே அண்டவிடவில்லை. ரிப்போர்ட்டோடு நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வார்ப்பைத் துளைத்து எடுத்த சீவலில் மீதி ஒரு கண்ணாடித் தட்டில் இருந்தது. அதன் மேல் காந்தத்தைக் காட்டினேன். கறுப்புத் துணுக்குகள் எகிறி ஒட்டிக்கொண்டன. வெண்கலம் காந்தத்தில் ஒட்டாது. மழுங்கிய டிரில் பிட்டிலிருந்து உதிர்ந்த தூள் அது. கரைப்பதற்கு முன் காந்தத்தால் அதைப் பொறுக்கி எடுப்பது இந்த வேலையின் அரிச்சுவடி. மச்சான் கோட்டை விட்டிருந்தார்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"என்ன மச்சான், இத்தன வருஷ சர்வீஸ்ல காந்தம் எங்க இருக்குன்னு மறந்துபோச்சா? மறுபடி பண்ணுங்க. ஒண்ணு விடாம பண்ணுங்க. நான் இங்கயேதான் நிப்பேன்."

அவர் முகம் செத்துப்போனது. தவறு தன்னுடையது என்று பதிவேட்டில் எழுதினார். புது பிட்டால் துளைத்தார், காந்தம் ஓட்டினார், எடை போட்டார், கரைத்தார். சாயங்காலம் வரை நான் குத்திக்காட்டிக்கொண்டே நின்றேன்.

இரும்பு அளவுக்குள்தான் இருந்தது. நான் ரிப்போர்ட்டுக்குக் கை நீட்டினேன். அவர் ஒரு பீக்கரைக் காட்டினார். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"முதல் தடவ இரும்போட நிறுத்திட்டேன், ஈயம் பாக்கல. நீங்கதான ஒண்ணு விடாம பண்ணச் சொன்னீங்க. இது ஈயம் மாப்பிள்ளை, விஷம். இருக்க வேண்டிய அளவுக்கு ரெண்டு மடங்கு."

சீக்கிரம் உருகுமே என்று ஈயம் கலந்த பழைய உடைந்த குழாய்களை உலையில் தள்ளியது நான்தான். அது வேறு யாருக்கும் தெரியாது.

மறுசோதனை கேட்டவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்து விதி. தள்ளுபடி என்று எழுதிய பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார்.

"குடிக்கிற தண்ணி மாப்பிள்ளை. போடுங்க."

போட்டேன்.