பன்னிரண்டு வட்டங்கள்

என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில், பழைய வாஷர்களுக்கும் ஸ்பேனர்களுக்கும் கீழே, நாலாக மடித்த ஒரு கலண்டர்த் தாள் இருக்கிறது. கண்டியில் ஒரு புடைவைக் கடை வருடப் பிறப்புக்கு இலவசமாகக் கொடுத்த கலண்டர். மேலே முருகன் படம், கீழே ஒரு மாதத்துக்கான கட்டங்கள். கட்டங்களில் பென்சிலால் எண்கள் எழுதியிருக்கும். முதல் மூன்று நாளும் ஐந்து, ஆறு, ஐந்து. மூன்றாம் திகதிக் கட்டத்தின் மூலையில் 'பைப்' என்று ஒரு சொல். நாலாம் திகதியிலிருந்து பதினெட்டு, இருபது, இருபத்தொன்று என்று எண்கள் ஏறிவிடுகின்றன. மாத நடுவில் மூன்று கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாட்களுக்கு எண்ணோடு சேர்த்து ஒரு சிறிய வட்டம். இதைக் கிழித்துப் போட எனக்கு மனம் வரவில்லை. எடுத்துப் பார்க்கவும் மனம் வருவதில்லை.

கண்டி டவுனில் தண்ணீர்ப் பம்பும் ஹீட்டரும் திருத்துவதுதான் என் தொழில். எங்கள் ஊரில் வீட்டையே சூடாக்க யாருக்கும் பொயிலர் தேவையில்லை. குளிக்கச் சுடுதண்ணீர் வந்தால் போதும், மற்றதற்குக் கம்பளி இருக்கிறது. ஆனால் மடுல்கெல்லைப் பக்கம், தேயிலை மலைக்கு நடுவே இருந்த ஒரு பழைய துரை பங்களாவைக் கொழும்பு முதலாளி ஒருவர் வாங்கி ஹோட்டலாக்கினார். பின்னேரம் ஐந்து மணிக்கே பனி கதவைத் தட்டும் இடம் அது. குளிர்நாட்டிலிருந்து வரும் விருந்தாளிகள் எங்கள் குளிருக்கு நடுங்குவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு டீசல் பொயிலரை இறக்கி, ஒவ்வோர் அறைக்கும் சுடுதண்ணீர்க் குழாய் போட்டு, அந்தச் சூட்டை அறைக்குள் விடச் சுவரோரம் இரும்பு ரேடியேட்டர்களை வைத்துவிட்டார். அதைத் தொடத் தெரிந்தவன் கண்டி மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நானும் அதன் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன்.

அந்தப் பங்களாவில் சமையல் செய்தவர் அப்பு. அது அவர் பெயரல்ல. தோட்டத்துப் பங்களாக்களில் சமையற்காரரை அப்பு என்றுதான் அழைப்பார்கள். துரைமார் காலம் போய், முதலாளி காலம் வந்தபோதும் கதிரை மேசையோடு சேர்ந்து அவரும் அங்கேயே இருந்தார். சமையலறைக்குப் போகும் நடையில், சுவரில் அடித்த ஒரு பலகைத் தட்டில் மாரியம்மன் படம் வைத்திருந்தார். பின்னேரம் ஆறு மணிக்கு முகம் கழுவி, திருநீறு பூசி, அங்கே ஒரு சிறிய பித்தளை விளக்கை ஏற்றுவார். பிறகுதான் இரவுச் சாப்பாட்டு வேலை. அதிகம் பேசாதவர். நான் போனால் இஞ்சி தட்டிப் போட்ட தேநீரும் ஒரு பணிஸும் வரும். என் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கூப்பிடுவது 'பைப் தம்பி' என்றுதான்.

அந்த மாதம் மூன்றாம் திகதி வழக்கமான சர்வீஸுக்குப் போனேன். விருந்தாளிகள் குறைந்த காலம். மேல் மாடி முழுக்க வெறுமையாகக் கிடந்தது. முதலாளி டீசல் செலவைச் சொல்லிப் புலம்பினார். நான் பெரிய மூளைசாலி மாதிரி மேலே ஏறி, ஆள் இல்லாத அறைகளின் ரேடியேட்டர் வால்வுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டினேன். ஆளில்லாத அறைக்குச் சூடு எதற்கு? முதலாளிக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். இறங்கி வந்து தேநீர் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரமே போன் வந்தது. பொயிலர் பற்றுகிறது, அணைகிறது, மறுபடி பற்றுகிறது. ஆறு ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை இதே கூத்து. போய்ப் பார்த்தேன். நெருப்பு வரும் முனையைக் கழற்றித் துடைத்தேன். குழாய்களில் நின்ற காற்றை வெளியேற்றினேன். கொழும்பிலிருந்து புதுச் சென்சர் எடுப்பித்து மாட்டினேன். பொயிலர் அறையும் சமையலறையும் ஒரே சுவர். ஒவ்வொரு தடவை பற்றும்போதும் 'குப்' என்று சத்தம் சமையலறைக்குள் கேட்கும். அப்பு தேங்காய் துருவிக்கொண்டே அந்தச் சுவரை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு என்னை ஒரு பார்வை பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். அடுத்த மாதம் பிறந்து நாலாவது தடவை போனபோது முதலாளியின் குரலும் மாறியிருந்தது. வேறு ஆளைக் கூப்பிடவா என்று கேட்டார். என் மானம் அந்த வேலையில்தான் நின்றது.

அந்த நேரத்தில்தான் நடைச் சுவரில் என் கண் பட்டது. வீட்டின் சூட்டைப் பார்த்துப் பொயிலரை நிறுத்து, பற்ற வை என்று சொல்லும் சிறிய பெட்டி, தெர்மோஸ்டட், அந்தத் தட்டுக்கு நேர் மேலே இருந்தது. அதற்குக் கீழே விளக்கு. எனக்குப் பொறி தட்டிவிட்டது. விளக்கின் சூடு பெட்டியை ஏமாற்றுகிறது, பின்கதவைத் திறந்தால் குளிர் வந்து மறுபடி ஏமாற்றுகிறது, கதை முடிந்தது. கூடத்தில் இருந்த முதலாளிக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அப்பு கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்ங்க. எங்க அண்ணன் செத்த தீட்டு நாள்ல..."

நான் முடிக்க விடவில்லை. "அப்பு, சாமி விசயம் வேற, மெசின் விசயம் வேற" என்றேன்.

தீட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைப்பு. சாமிக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம், அதனால் இயந்திரம் அடம்பிடிக்கிறது என்று சொல்ல வருகிறார், இவருக்கு நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று நினைத்தேன். நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். என் வீட்டிலும் விளக்கு எரிகிறது. ஆனாலும் கையில் ஸ்பேனர் இருந்தால் ஒரு திமிர் வந்துவிடுகிறது. அவர் என்னைப் பார்த்தார். "சரிங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்த 'சரிங்க'வை நான் தோல்வி என்று எடுத்துக்கொண்டேன்.

முதலாளி அடுத்த நாளே தட்டைக் காலி செய்யச் சொன்னார். அப்பு படத்தையும் விளக்கையும் பின் விறாந்தைக்குக் கொண்டுபோனார். அங்கே மலைக்காற்று நேராக அடிக்கும். பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி மறைப்பு வைத்தாராம். அதுவும் சரிவரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வாரக் கடைசியில் ஒரு பெரிய கூட்டம் விருந்தாளிகள் வந்தார்கள். மேல் மாடி முழுதும் நிறைந்தது. அவர்கள் வருவதற்கு முதல் நாள் நானே போய் வால்வுகளை எல்லாம் திறந்துவிட்டேன். பொயிலர் சமர்த்தாக எரியத் தொடங்கியது. முதலாளி என் தோளில் தட்டினார். சாமி விளக்கு டீசல் குடித்த கதையை விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரித்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். அப்பு அந்த நேரம் சூப் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில், கலஹாவில் இருக்கும் மகள் கூப்பிடுகிறாள் என்று சொல்லி, தன் பெட்டியையும் படத்தையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை. மகள் கூப்பிட்டால் போகத்தானே வேண்டும் என்று நானும் சொன்னேன்.

விருந்தாளிகள் போனார்கள். நான் மறுபடியும் மேலே ஏறி வால்வுகளைப் பூட்டினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. பற்றுகிறது, அணைகிறது. இப்போது விளக்கும் இல்லை, அப்புவும் இல்லை. சமையலறையில் தனியாக நின்று 'குப்' என்ற சத்தத்தைக் கேட்டேன். அப்போதுதான் புரிந்தது. பாதி வீட்டின் குழாயை அடைத்துவிட்டால் பொயிலரில் சுட்ட தண்ணீர் போக இடமில்லை. அது உடனே கொதிநிலைக்கு ஏறும், தன்னைக் காத்துக்கொள்ள அணையும், கொஞ்சம் ஆறியதும் மறுபடி பற்றும். அவ்வளவுதான் விசயம். பழுது பொயிலரில் இல்லை. பழுதைச் செய்தவன் நான். செய்த நாள் மூன்றாம் திகதி.

அலுமாரிக் கதவின் உட்புறத்தில் அந்தக் கலண்டர் தொங்கியது. அதில் அப்பு எண்கள் எழுதுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பால் போத்தல், முட்டைக் கணக்கு என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் கிட்டப் போய், நான் முதலில் வால்வுகளைப் பூட்டிய மாதத்துத் தாளைப் புரட்டிப் பார்த்தேன். தாளின் ஓரத்தில் '6-8 குப்' என்று எழுதியிருந்தது. ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை, விளக்கேற்றும் நேரத்திலிருந்து சாப்பாடு போகும் நேரம் வரை, சுவருக்கு அப்பால் எத்தனை தடவை 'குப்' என்றதோ அந்த எண்ணிக்கை அது. நான் வந்துபோன மறுநாளிலிருந்து எண்கள் ஏறியிருந்தன. அண்ணன் சாவுக்குப் போன மூன்று நாள் வெறும் கட்டம். திரும்பி வந்ததிலிருந்து பதினாறாம் நாள் கருமாதிக்குப் போகும்வரை, அந்தப் பன்னிரண்டு நாளும் தீட்டு. தீட்டு வீட்டுக்காரர் சாமிக்கு விளக்கேற்ற மாட்டார். விளக்கு எரியாத நாளுக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் இருபது, பத்தொன்பது, இருபத்தொன்று.

அவர் என்னிடம் சாமியைப் பற்றிப் பேச வரவில்லை. விளக்கே ஏற்றாத பன்னிரண்டு நாளும் இது இப்படித்தான் நடந்தது தம்பி என்று சொல்ல வந்தார். நான் தேடித் திரிந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்ற மனிதரைத்தான் வாயை மூடச் செய்தேன்.

இதுவரை நடந்ததை அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். அதற்குப் பிறகு செய்ததற்குச் சாக்கு இல்லை. வால்வுகளைப் பாதி திறந்து வைத்தேன், பொயிலரின் நெருப்பைக் குறைத்தேன், அது அடங்கியது. முதலாளியிடம் சென்சர் கோளாறு என்று சொன்னேன். கலண்டர்த் தாளைக் கிழித்துப் பெட்டிக்குள் வைத்தேன். விளக்கின் மேல் போட்ட பழியை அப்படியே விட்டுவிட்டேன். வாய் திறந்தால் அந்தப் பங்களாவும் அதைச் சார்ந்த நாலு ஹோட்டல்களும் கைவிட்டுப் போகுமோ என்று பயந்தேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் கலஹாவுக்குப் போனேன். பேராதனையில் பஸ் மாறும்போதும் எப்படிச் சொல்வது என்று மனதில் ஓட்டிக்கொண்டே போனேன். அப்பு, மகளின் லயத்து வரிசை வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "அடடே, பைப் தம்பியா! வாங்க, வாங்க. உள்ள வந்து ஒக்காருங்க." இஞ்சித் தேநீர் வந்தது. கோபத்தின் சுவடுகூட அவரிடம் இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. கலண்டர்த் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கப் போனேன். அதற்குள் அவரே கேட்டார். "இப்ப நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுது அப்பு."

"தட்டுல வெளக்கு வச்சாங்களா?"

ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார், பிறகு மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். நான் சொன்னேன்: "வச்சாச்சு அப்பு. நாந்தான் மொதலாளிகிட்ட சொன்னேன். விளக்கால ஒண்ணும் இல்லன்னு."

அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய், பஞ்சில் தானே உருட்டிய திரிகளை ஒரு தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "இதக் குடுத்துருங்க தம்பி. கடத் திரி அவ்வளவு நின்னு எரியாது." வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

போன ஐப்பசியில் அவர் இறந்துபோன செய்தி கிடைத்தது. சாவு வீட்டுக்குப் போனேன். மகள் என்னை அடையாளம் கண்டு, அழுகையோடு சொன்னாள். "அப்பா ஒங்களப் பத்திச் சொல்லாத நாள் இல்லைங்கண்ணே. பங்களாவுல வெளக்கு மறுபடி எரியுது, அந்தப் பைப் தம்பிதான் எனக்காகப் பேசினாருன்னு போறவங்க வாறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு." சுற்றி நின்றவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து எனக்குக் கதிரை தந்தார். நான் உட்கார்ந்தேன். அந்தக் கதிரையில் உட்கார்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கருமாதி முடிந்த மறுநாள் மடுல்கெல்லைக்குப் போனேன். முதலாளியிடம் கலண்டரை விரித்து வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, என்ன ஆனாலும் சரி என்று முடிவெடுத்திருந்தேன். முதலாளி ஹோட்டலை விற்றுவிட்டு, பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டாராம். புது மனேஜர் நல்ல பையன், கண்டி டவுன்காரன்தான். என்னைக் கூடத்தில் உட்கார வைத்தான். நான் தாளை மேசையில் விரித்து, மூன்றாம் திகதியைத் தொட்டுக் காட்டி, பன்னிரண்டு வட்டங்களையும் காட்டி, அப்பு ஒரு தப்பும் செய்யவில்லை, அந்த விளக்கும் செய்யவில்லை, செய்தது நான்தான் என்று சொல்லி முடித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு தாளை என் பக்கம் தள்ளினான்.

"எந்த அப்பு, அண்ணே?"

சுவருக்கு அப்பால் பொயிலர் நிற்காமல் சீராக எரிந்துகொண்டிருந்தது. நடையில் அந்தத் தட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது. தாளை மடித்து, திரிப் பொட்டலத்தோடு சேர்த்துப் பெட்டியின் அடியில் வைத்தேன்.