அது பிரேக் எண்ணெய் அன்று

போடில் குவிஸ்ட் எந்தத் திரவத்துக்கும் நான்கு சோதனைகள் முடியாமல் பெயர் வைத்ததில்லை. வண்டியின் பானட்டைத் திறந்ததும் எங்கேனும் ஈரமோ பிசுக்கோ தென்பட்டால், அதில் ஒரு துளியை வெள்ளைப் பீங்கான் தட்டில் எடுப்பார். முதலில் நிறம் பார்ப்பார். பிறகு விரலிடையே தேய்ப்பார். பிறகு முகர்வார். கடைசியாகத் தண்ணீர் விட்டு, கலக்கிறதா மிதக்கிறதா என்று பார்ப்பார். அதுவரை வண்டிக்காரர் என்ன கேட்டாலும் விடை வராது.

டென்மார்க்கில், லிம்ஃபியோர்டு என்னும் கடற்கழியின் மேற்குக் கரையிலுள்ள எங்கள் சிற்றூரில் அவர் பட்டறை வைத்து முப்பத்தைந்து ஆண்டுகளாகின்றன. பதினேழு வயதில் அவர் தொழில் பழகச் சேர்ந்தபோது, முதலாளி அவரைக் காபி போடவும் தரை கூட்டவும் வைத்தாராம். "குட்டிப் பொண்ணே, உன் கைக்கு ஸ்பேனர் கனக்கும்" என்று சொன்னவர்களின் வண்டிகளைப் பிற்காலத்தில் அவரே பழுது பார்த்தார். அந்தச் சொல்லை அவர்களுக்கு ஒருமுறையும் நினைவூட்டியதில்லை. ஆனால் மறந்ததாகவும் காட்டிக்கொண்டதில்லை.

இலையுதிர் காலந்தோறும் அவருக்கு ஒரு தொல்லை உண்டு. கடற்காற்றின் உப்புக்கு அஞ்சி, குளிர்காலத்துக்கு முன் இங்கே எல்லாரும் வண்டிக்குத் துரு தடுக்கும் எண்ணெய் அடிப்பார்கள். இரண்டு வாரம் கழித்து, எஞ்சின் ஒழுகுகிறது என்று பாதி ஊர் அவர் வாசலில் நிற்கும். குனிந்து பார்த்துவிட்டு, "இது நீங்களே காசு குடுத்து அடிச்ச எண்ணெய். வீட்டுக்குப் போய்க் காபி குடிங்க" என்று அனுப்பிவிடுவார். கட்டணம் வாங்கமாட்டார், புன்னகையும் தரமாட்டார்.

சென்ற ஏப்ரலில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். அரசு விதித்த வண்டிப் பரிசோதனைக்காக நான் பரிசோதனை நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தது பிரேபனின் பழைய நீலநிற வண்டி. பிரேபன் எங்கள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பவர். அவருடைய வண்டிக்குப் போடில் மூன்று வாரங்களுக்கு முன்புதான் பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியிருந்தார்.

பரிசோதகர் மால்தெ, கோபன்ஹேகனிலிருந்து அவ்வாண்டுதான் மாற்றலாகி வந்தவர்; முப்பது வயதிருக்கும். பானட்டைத் திறந்து விளக்கைப் பிடித்தார். மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழே, எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையேயுள்ள தகட்டில், மஞ்சளாக ஓர் ஈரம் வழிந்திருந்தது. தொட்டுப் பார்க்கவில்லை. கணினியில் தட்டினார். திரையில் இரண்டு வரிகள் தோன்றின: பிரேக் எண்ணெய்க் கசிவு, பழுதுபார்ப்பு முறையற்றது.

பிரேபன் முகம் சிவந்து கைப்பேசியை எடுத்தார். "போடில்! நீ மாத்தின சிலிண்டர் ஒழுகுதாம். நான் இதுல மனைவிய உட்கார வெச்சு ஓட்டறேன், தெரியுமா? இனிமே நான் புதுப் பட்டறைக்கே போயிக்கறேன்!"

பத்து நிமிடத்தில் போடில் வந்தார். வேலையுடுப்பு, கையில் பீங்கான் தட்டுகள் இரண்டு. பிரேக் விடயத்தில் பட்டறையின் பெயரோடு இப்படி ஒரு பதிவு ஏறினால் அது எங்கள் ஊரில் மறுநாள் ரொட்டிக்கடை வரைக்கும் போய்விடும். ஒரே ஒரு முறை பிரேக்கில் தவறியவர் என்று பேர் வந்துவிட்டால், எந்தத் தாயும் தன் பிள்ளையை ஏற்றிச்செல்லும் வண்டியை அவரிடம் விடமாட்டாள். இதை அங்கிருந்த எல்லாரும் அறிந்திருந்தோம். நிலையத்தின் பொறுப்பாளர் வெர்னரும் அறிவார். ஆகையால் போடிலைத் தனியே அழைத்து மெதுவாகச் சொன்னார்.

"போடில், எதுக்கு வீண் ரகளை? ஒரு துணிய எடுத்துத் தொடைச்சுட்டு நாளைக்குக் கொண்டு வா. நான் பாஸ் போட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"இவ்வளவு பிடிவாதம் ஆகாது."

"தொடைச்சா, ஒழுகினது நெசம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. ஒருத்தரும் அதத் தொடக்கூடாது. நான் பார்க்கணும்."

மால்தெ கைகட்டி நின்றார். "பிரேக் சிலிண்டருக்குக் கீழ ஈரம்னா வேற என்னவா இருக்கும்? பிரேக் ஆயில் டேங்குல அளவும் கொஞ்சம் கொறஞ்சிருக்கு."

"பிரேக் கட்டை தேஞ்சா அளவு கொறையும். அத உனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?" என்றார் போடில், அவரைப் பார்க்காமலே.

தகட்டிலிருந்து ஒரு துளியை வழித்துத் தட்டில் வைத்தார். மங்கிய மஞ்சள். விரலிடையே தேய்த்தார், நூல் போல் இழுத்தது. "பிரேக் ஆயில் வழுக்கும். இது ஒட்டுது."

"பழசானா எல்லாம் ஒட்டும்," என்றார் மால்தெ.

"மூணு வாரத்துல பழசாகுமா? கீழ பெயின்ட்டப் பாரு. பிரேக் ஆயில் பட்டா பெயின்ட் பொங்கி உரிஞ்சிருக்கும். இது அப்படியே இருக்கு."

"நேத்துதான் வழிஞ்சிருந்தா?"

போடில் முகர்ந்தார். தட்டில் குளிர்ந்த நீரை விட்டுக் கலக்கினார். மிதக்கவில்லை. கலங்கலாகக் கரைந்துபோயிற்று.

மால்தெயின் குரல் உயர்ந்தது. "பாத்தீங்களா? எண்ணெயா இருந்தா மெதக்கும். பிரேக் ஆயில்தான் தண்ணில கலக்கும். நீங்களே நிரூபிச்சிட்டீங்க!"

பிரேபன் பெருமூச்சு விட்டார். வெர்னர் தரையைப் பார்த்தார். போடில் அந்தத் தட்டையே நோக்கி நெடுநேரம் நின்றார். தம் கை வேலையில் அவருக்கே ஐயம் பிறந்ததோ என்று எனக்குத் தோன்றியது, பிறந்திருந்தாலும் தவறில்லை. உண்மையில் சிலிண்டர் ஒழுகியிருந்தால் தொழிலை விடுவதே முறை என்று அவர் பின்னொருநாள் என்னிடம் சொன்னார். அவர் மறுபடியும் தட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல பிரேக் ஆயில் வாசனை இல்ல. எஞ்சின் கூலன்ட் மாதிரி இனிப்பு வாசனையும் இல்ல. வெர்னர், காபி ரூம்ல கெட்டில் இருக்கா?"

"இப்பவா காபி?"

"கொதிக்கிற தண்ணி வேணும்."

"பிரேக் ஆயில் வெந்நீர்லயும் கலக்கும்," என்றார் மால்தெ.

"இது கலந்தா என் பட்டறைச் சாவிய உன்கிட்டயே குடுத்துடறேன். வாய மூடிட்டுப் பாரு."

வெர்னர் கெட்டிலைக் கொண்டுவந்தார். போடில் தகட்டிலிருந்து இரண்டாம் முறை கொஞ்சம் வழித்து, மற்றத் தட்டில் வைத்து, கொதிநீரை மெல்ல ஊற்றினார். நீர் கலங்கவில்லை. வெள்ளை வெள்ளையாக நூல்கள் திரண்டு, மெல்லிய துணுக்குகளாகச் சுருண்டு நின்றன.

பிரேபன் குனிந்து பார்த்துச் சொன்னார்: "இது... முட்டை மாதிரி இருக்கே."

"மாதிரி இல்ல, முட்டையேதான். வெந்துடுச்சு."

போடில் மால்தெயிடமிருந்து விளக்கை வாங்கி, தகட்டின் மேலே ஒலி தடுக்கும் பஞ்சு விரிப்பின் பின்னால் விரல் நுழைத்தார். இரண்டு முட்டையோட்டுத் துண்டுகள் வந்தன. அவற்றில் ஒட்டியபடி முரட்டு மயிர்க்கற்றை ஒன்று.

"மரநாய்," என்றார் வெர்னர். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் தொடங்கினார்.

மால்தெ விழித்தார். "மரநாய் எதுக்கு முட்டைய வண்டிக்குள்ள கொண்டு வரும்?"

"கோபன்ஹேகன்ல எல்லாம் கடையில வாங்கிக்கும் போல," என்றார் வரிசையில் நின்ற ஒருவர். "இங்க அது திருடித்தான் சாப்பிடும். கதகதப்பா இருக்கற இடத்துல ஒளிச்சும் வைக்கும்."

"பிரேபன், கோழி வளக்கறியா?" என்று கேட்டார் போடில்.

பிரேபன் தொப்பியைக் கழற்றினார். "ஏழு கோழி. ரெண்டு வாரமா முட்டையே காணோம். சிவப்புக் கோழியைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை சூப் வெச்சிடுவேன்னு கூடச் சொன்னேன்."

"அதுகிட்டயும் மன்னிப்புக் கேளு," என்றார் போடில். "என்கிட்ட அப்புறம்."

வெர்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினிப் பக்கம் போனார். "சரி, முடிஞ்சுது. பாஸ் போட்டுடறேன். எடுத்துட்டுப் போங்க."

"முடியல," என்றார் போடில். "பழுதுபார்ப்பு முறையற்றதுன்னு எழுதினதை அடிக்கணும். ஈரம் என்னதுன்னும் எழுதணும்."

"கம்ப்யூட்டர்ல இருக்கற கசிவுப் பட்டியல்ல முட்டைக்கு எண் கெடையாது போடில். எண்ணெய், கூலன்ட், டீசல், அவ்வளவுதான். எண் இல்லாம கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"கம்ப்யூட்டருக்கு முந்தி நீங்க கையாலதானே எழுதினீங்க? கை இன்னும் இருக்கில்ல?"

சொல்லிவிட்டு அவர் சுவரோரம் இருந்த பெஞ்சில் அமர்ந்தார். தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டார். வரிசையில் வண்டிகள் பெருகின. ஒருவர் ஹாரன் அடித்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேலிடத்துக்குத் தொலைபேசியில் கேட்டு, பத்து நிமிடம் காத்திருந்து, வெர்னர் ஒருவழியாகப் படிவம் ஒன்றைத் தேடி எடுத்தார். எழுதவேண்டியவர் மால்தெ. எழுதி நீட்டினார். போடில் கண்ணாடியை அணிந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"'ஈரம் கோழிமுட்டை' சரி. மாஸ்டர் சிலிண்டர் எங்க?"

"அது நல்லாத்தானே இருக்கு. அதைப் பத்தி எதுக்கு?"

"மொதல்ல கெட்டுப்போச்சுன்னு எழுதத் தெரிஞ்சுது. இப்ப நல்லாருக்குன்னும் எழுது."

மால்தெயின் காது சிவந்தது. எழுதினார். பிறகு தாழ்ந்த குரலில், "நான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார்.

"அந்த எடத்துல ஈரத்தைப் பாத்து நிறுத்தினது தப்பில்ல. நிறுத்தணும். தொடாம பேர் வெச்சதுதான் தப்பு," என்றார் போடில். "நாப்பது வருஷமா என்னைத் தொடாமலே பேர் வெச்சவங்க நெறைய. உன்னையும் அதுல சேக்க வேண்டியதில்ல. கையெழுத்துப் போடு."

பிரேபன் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே அருகில் வந்தார். "போடில், புதுப் பட்டறைன்னு நான் சொன்னது... கோவத்துல..."

"அது உன் இஷ்டம், எங்க வேணா போ. ஆனா போறதுக்கு முந்தி, மரநாய் ஒயரைக் கடிச்சிருக்கான்னு யாராவது பாக்கணும். அது ஒயரையும் விடாது."

"யார் பாக்கறது?"

"கேட்டியே அதுதான் கேள்வி."

பிரேபன் தலை குனிந்து, "நாளைக்கு ஏழு மணிக்கு வரட்டுமா?" என்றார்.

"ஏழே காலுக்கு. நான் காபி குடிச்சு முடிக்கணும்."

மால்தெ கையெழுத்திட்ட படிவத்தை வெர்னர் முத்திரை குத்திக் கொடுத்தார். போடில் தேதியையும் சரிபார்த்தார். எங்கள் பகுதியில் மிகுந்த பாராட்டாகச் சொல்லப்படும் சொல் ஒன்று உண்டு. அதைத்தான் அவர் அந்தத் தாளைப் பார்த்துச் சொன்னார்.

"மோசமில்ல."

அதன் பிறகே பெஞ்சிலிருந்து எழுந்தார்.